பால்காரச் சந்துக் குழாயும் என் கைச் சாவியும்

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: தண்ணீர் வந்தால் அது மழையின் தயவு, மலையின் தயவு, பெரிய மனிதர்களின் தயவு, வராவிட்டால் மட்டும் அது என் குற்றம். குழாயடியில் வெறுங்குடத்தோடு நின்று பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் நின்ற இடத்துக்கு எதிரே, காக்கிச் சட்டையும் கையில் நெஞ்சுயர இரும்புச் சாவியுமாக, உங்களைவிட அதிகமாக விழித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

பினாங்கு டவுனில் அப்போது எங்கள் பகுதித் தெருக்குழாய்களைக் காலையில் திறந்து மாலையில் மூடுவோம். ரோட்டில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் வால்வில் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் திருகினால் அந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் போகும். போகிற சத்தம் காலுக்கடியில் கேட்கும். இவ்வளவுதான் வேலை. இதை எந்த முட்டாளும் செய்வான் என்று சொல்லித்தான் எங்கள் கூலியாட்களுக்கு மேஸ்திரியான மண்டோர் என்னைச் சேர்த்துவிட்டார். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்ததால், புரியாத விஷயங்களைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் புரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

திறப்பதற்கு முன்பே

பால்காரச் சந்து என்பது டிராம் ரோட்டிலிருந்து உள்ளே வளைந்து போகும் ஒரு குறுகல் பாதை. இரண்டு பக்கமும் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகைகள். அவற்றின் பின்னாலேயே குடியிருப்பு. மாட்டுக்கும் மனிதருக்கும் தண்ணீர் வேண்டுமானால் டிராம் ரோட்டைத் தாண்டி அடுத்த வட்டாரத்துக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்கள் இவர்களைக் கண்டாலே குடத்தை உருட்டிவிடுவார்கள். இந்தச் சந்துக்கென்று ஒரு குழாய் போட்டுத் தருவதாக மெம்பர் வாக்குக் கொடுத்திருந்தார். மெம்பர் என்றால் முனிசிபல் கமிஷனர். நம் ஜனங்களின் சங்கத்தார் பேர் சொல்லி, கவர்ன்மெண்டார் நியமித்த நம்மவர். வெள்ளைக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, யாரைப் பார்த்தாலும் முதலில் அவரே கும்பிடுவார். சொன்னபடி குழாயும் வந்தது. சந்து முகப்பில், ஒரு காலி கிட்டங்கியின் சுவரை ஒட்டி, தலையில் பளபளவென்று பித்தளைக் குழாயோடு இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. திறப்பு விழாவன்று அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மேளம் வைத்துத் தடபுடல் செய்தார்கள்.

எனக்கு உத்தரவு இதுதான்: நான் டிராம் ரோட்டில் வால்வடியில் நிற்க வேண்டும், மெம்பர் கைக்குட்டையை ஆட்டினதும் திறக்க வேண்டும். சாவியை இறக்கிவைத்து, கண் கொட்டாமல் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டை பையை விட்டு வெளியே வருவதற்குள், “தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!” என்று ஒரே கூச்சல். மெம்பர் குழாயடியில் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தார். நான் சாவியைத் தொடக்கூட இல்லை. பிறகு ஞாபகம் வந்தவர்போல் கைக்குட்டையை ஆட்டினார். நான் அவசர அவசரமாகத் திறந்தேன். காலுக்கடியில் தண்ணீர் ‘ஹோ’வென்று ஓடியது, அதே நேரத்தில் சந்துக் குழாயில் தண்ணீர் நின்றது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கையில், கிட்டங்கியின் பின்பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. அதன்மேல் காலிப் பீப்பாய் ஒன்று. பீப்பாயிலிருந்து ரப்பர்க் குழாய் ஒன்று தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே உனக்கு என்னப்பா வேலை என்று வண்டிக்காரனைக் கேட்டேன். அவன் என்னைவிடக் குழம்பின முகத்தோடு சொன்னான்: “குழாய்த் திறப்பு விழாவுக்குத் தண்ணி கொண்டாரச் சொன்னாங்க அண்ணே, கொண்டாந்தேன்.”

இடமா, வலமா?

விருந்தாளிகள் குடிப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வால்வைத் திறந்தேன். சத்தம் கேட்டது, சந்தில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு ஒரு யோசனை உதித்தது. விழாவன்று மூடியிருந்தபோது தண்ணீர் வந்தது, திறந்ததும் நின்றது. ஆகவே இந்த வால்வைத் தலைகீழாகச் செய்துவைத்திருக்கிறார்கள், மூடினால்தான் திறக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, காலையில் நன்றாக இறுக்கி மூடிவிட்டு, சந்துக்குள் போய்க் குழாயைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

தண்ணீர் வரவில்லை, ஓவர்சியர் வந்தார். வேகாத வெயிலில் சைக்கிளை மிதித்து, மூச்சு வாங்க வந்து இறங்கினார். அவர் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து நான் கண்டதே இல்லை. “எவன்டா அந்த வால்வை மூடினது?” என்று கத்தினார். யார் உங்களிடம் சொன்னார்கள் என்று கேட்க நினைத்துப் பயந்து விட்டுவிட்டேன். “ஐயா, திறந்தாலும் இங்கே தண்ணி வரலே, மூடினாலும் வரலே. நான் எப்படித்தான் வைக்கிறது?” என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: “வால்வைத் திறக்கிறது உன் வேலை. எங்கே போறதுன்னு தண்ணிக்குத் தெரியும்; அதுலே நீ தலையிடாதே.”

யாரிடம் கொடுப்பது?

சந்தில் முதல் கொட்டகை பேச்சியக்காவுடையது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்துபோன பிறகு, மூன்று மாடுகளை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் காலம் தள்ளுகிறவர். நெற்றி நிறையத் திருநீறு; வாய் நிறைய வெற்றிலை; மாடுகளை அவர் கூப்பிடும் குரல் டிராம் மணியையும் அமுக்கிவிடும். பக்கத்துக் கொட்டகை மாரியம்மாவையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு அவர் மெம்பர் வீட்டுக்கு நியாயம் கேட்கப் போயிருக்கிறார். மெம்பர் எல்லோரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, “குழாய் போட்டுக் கொடுத்தேனா இல்லையா? திறக்கிற சாவி என்கிட்டயா இருக்கு? அதை வைச்சிருக்கிறவனைப் போய்க் கேளுங்க” என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் நான் வால்வடியில் குனிந்திருக்கையில் சுற்றிலும் கால்கள். நிமிர்ந்தால் சந்து முழுவதும் நிற்கிறது. பேச்சியக்கா கையில் ஒரு செம்புப் பால். மாரியம்மா கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் திறந்து காட்டினேன், சத்தத்தைக் கேட்கச் சொன்னேன், முருகன்மேல் சத்தியம் செய்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் பலப்பட்டுவிட்டது. இவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டு இல்லை என்கிறானே! எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. பாலை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பேச்சியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் பொறுமையாகக் கேட்டார்: “நீ வாங்கறது இல்லேன்னா, யாரு வாங்கறான்னாவது சொல்லு தம்பி, அங்கே போய்க் கொடுத்துக்கறோம்.”

கெட்டிப் பால்

பால்காரச் சந்தில் தண்ணீர் இல்லாததால் டவுனில் நடந்த ஒரு மாறுதலையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதாகப் பேச்சியக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். தூரத்திலிருந்து இடுப்பொடியச் சுமந்து வரும் தண்ணீரை மாட்டுக்குக் காட்டவே போதவில்லை. அதைக் கொண்டுபோய் வேறெதிலும் ஊற்ற யாருக்கு மனம் வரும்? பால் பாலாகவே போக ஆரம்பித்தது. முதல் வாரம் வாடிக்கைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் வாரம் சந்தேகப்பட்டார்கள். பாலில் எதையோ கலக்கிறார்கள், இல்லாவிட்டால் இப்படி ஏடு கட்டுமா என்று பேச்சு கிளம்பிவிட்டது.

ஒருநாள் காலையில், ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு கிராணியார் வீட்டு வாசலில் பேச்சியக்கா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாட்டின்மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்கிறார்: “சுத்தமான பால்ம்மா! ஒரு பொட்டுத் தண்ணி சேர்க்கலே!” கிராணியார் சம்சாரம் இறங்கி வருவதாக இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்டி, கோபமும் அழுகையுமாகச் சொன்னார்: “அதெல்லாம் எனக்குத் தெரியாது, பிள்ளைங்களுக்குச் செரிக்கலே, நாளையிலேருந்து பழைய பாலே கொடு.”

இன்ஸ்பெக்டர் வந்தார்

சிரித்தது அத்தோடு சரி. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருநாள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சந்துக்குள் வந்தார். கொட்டகைத் தரையை நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது முனிசிபாலிட்டி சட்டம். கழுவாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் டவுனுக்குள் மாடு வைத்துக்கொள்ள முடியாது. மற்றக் கொட்டகைகளில் மகனும் மருமகனுமாக ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். தோளில் காவடி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து எப்படியோ கழுவிவிட்டார்கள். பேச்சியக்கா ஒருத்தியாக எத்தனை நடை நடப்பார்? அவர் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. தைப்பூசம் கழித்து மறுபடி வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்றார் இன்ஸ்பெக்டர்.

பேச்சியக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முனிசிபாலிட்டி உத்தியோகஸ்தன் என்ற தைரியத்தில் நானும் குறுக்கே புகுந்து, “ஐயா, கழுவச் சொல்றதும் முனிசிபாலிட்டி, குழாயும் முனிசிபாலிட்டியுது. குழாயிலே தண்ணி வரலையே, எதை வைச்சுக் கழுவறது?” என்று கேட்டேன். அவர் குழாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை, அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. கடைசியில் கைக்குட்டையைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னார்: “குழாய் இருக்குன்னு எங்க ஆபீசுலே தெரியும், தண்ணி வரலேன்னு இன்னும் தெரியாது லா.”

குழாயடி முனி

மனிதர்களிடம் கேட்டாகிவிட்டது. இனிக் குழாயிடமே கேட்பது என்று பேச்சியக்கா முடிவு செய்தார். திறப்பு விழாவன்று பூசிய சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. காய்ந்த மாலையும் கழுத்திலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன்முன் ஒரு ஊதுபத்தியை ஏற்றிவைத்து, “தண்ணியைக் கொடுத்துடு சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் செய்தது. துறைமுகத்தில் வேலை போய்ச் சந்தில் திரிந்துகொண்டிருந்த சடையன் என்பவன், அதைப் பார்த்துத் தானும் கும்பிட்டு ஒரு நம்பரை நினைத்துக்கொண்டு போய்ச் சூதில் கட்டினான். அந்த நம்பர் விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் கம்பத்துக்குச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. சுருட்டும் சாராயமும் படையல். மூலை மளிகைக்கடைச் சீனத்தம்மா வந்து மூன்று ஊதுபத்தி குத்திவிட்டுப் போனார். நம்பர் கேட்க ஆயர் ஈத்தாமிலிருந்துகூட ஆள் வந்தார்கள். சடையன் நெற்றியில் விபூதி பூசிப் பூசாரி ஆகிவிட்டான். எனக்கு எது விளங்கவில்லை என்றால், அந்தக் குழாய்க்கு வெள்ளிதோறும் நடந்த அபிஷேகம். டிராம் ரோட்டைத் தாண்டிப் போய், வசவு வாங்கி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து குழாயின் தலையில் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் இருந்தால் பேச்சியக்காவின் கொட்டகையைக் கழுவிவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். சடையன் காதைப் பொத்திக்கொண்டான்: “தப்புண்ணே, தப்பு! நாமதான் சாமிக்குத் தண்ணி ஊத்தணும், சாமி எங்கேயாச்சும் நமக்கு ஊத்துமா?”

ஹாமிட் தோண்டிய குழி

அந்த வருஷம் வறட்சி. மலையில் தண்ணீர் குறைந்துபோய், டவுனில் எங்கே ஒழுகி வீணாகிறது என்று பார்க்கப் புதிதாக வந்த எஞ்சினியர் துரை எங்களை வரிசையில் நிற்கவைத்துக் கேட்டார். ஓவர்சியர் அன்று லீவு. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, “பால்காரச் சந்துக்குத் தினம் போகுது துரை, ஆனா போய்ச் சேரலே” என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற ஆபீஸ் கிராணி அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, குழாயடியில் தோண்டிப் பார்க்கும்படி உத்தரவாயிற்று. தைப்பூசத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பேச்சியக்காவுக்கு விஷயம் தெரிந்து, நாங்கள் போவதற்கு முன்பே எல்லாக் குடங்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

தோண்டியது ஹாமிட், என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரர், சாதுவான மனிதர். சடையன் அழுது புரண்டும் கேளாமல், முதலில் கம்பத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு மண்வெட்டியைப் போட்டார். முழங்கால் ஆழம் போனதும் ‘டங்’ என்றது. பைப்புதான் என்று எட்டிப்பார்த்தோம். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் சிமெண்டை நிரப்பி, அதில் கம்பத்தை நட்டுப் புதைத்திருந்தது. கம்பத்தின் அடிவாய் சிமெண்டால் அடைபட்டிருந்தது; கிட்டங்கிச் சுவரை ஒட்டிய பின்புறத்தில் மட்டும் ரப்பர்க் குழாய் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. சுற்றிலும், கீழேயும், எந்தப் பக்கமும், பைப் என்று ஒன்று இல்லவே இல்லை. நான் தினமும் காலுக்கடியில் கேட்ட தண்ணீர் எங்கேதான் போகிறது? ஹாமிட் குழிக்குள் நின்றபடியே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, குழாய் இருக்கிறது, தண்ணீருக்குத்தான் வழி இல்லை என்பதை அவர் பாஷையில் சுருக்கமாகச் சொன்னார்: “பைப் அடா, ஜாலான் தாக் அடா.”

குழாயா, சாமியா?

மறுநாள் துரையே வந்தார். அவருக்கு முன்பே மெம்பர் வந்திருந்தார். மெம்பர் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, சடையனிடம் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்புறம் துரையிடம் இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற கிராணி எனக்குக் காதோடு சொன்ன தமிழ் இதுதான்: இது முனிசிபாலிட்டிக் குழாயே இல்லை, இந்த ஜனங்கள் குழாய் மாதிரி செய்து நட்டுக்கொண்ட சாமி, முனிசிபாலிட்டிக் குழாய் இங்கேதான் எங்காவது இருக்கும், இதைத் தொட்டால் கலகம் வரும், நான் ஜவாப்தாரி அல்ல. துரை இரண்டடி பின்னால் போய்விட்டார். நம் சாமி விஷயத்தில் வெள்ளைக்காரன் கைவைக்க மாட்டான் என்பது மெம்பருக்குத் தெரியும். அப்போது பேச்சியக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மாலையைப் பிடித்து இழுத்துப் போட்டார். சிவப்புத் துணியை அவிழ்த்தார். “முதல் ஊதுபத்தி ஏத்தினவ நான். நான் சொல்றேன், இது குழாய்தான்!” என்றார். உடனே சடையனுக்குச் சாமி வந்துவிட்டது. முனி அவன் வாயால் என்னென்னவோ சொல்லி உறுமியது; பெண்பிள்ளைகள் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துரை ஏதோ சொல்ல, கிராணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: குழாய் என்றால் பைப் போட்டுத் தண்ணீர் கொடுக்கலாம், சாமி என்றால் தொட முடியாது, நீங்களே பேசி முடிவு சொல்லுங்கள்.

பேசினார்கள். தகரக் கொட்டகை போட்டுத் தருகிறேன், ஆடியில் கூழ் ஊற்றுகிறேன் என்றார் மெம்பர். பேச்சியக்கா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினார். குழாய் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். முதலில் சொல்கிறவர் வீட்டில் என்ன நடக்குமோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குமே, டின்னைக் கண்ணால் பார்த்த எனக்குமே, உள்ளூர ஒரு நடுக்கம் இருந்தது. கடைசியில், அன்று வாழைப்பழச் சீப்போடு வந்த மாரியம்மாதான் பேச்சியக்காவின் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னார்: “தண்ணி இல்லாம இத்தனை நாள் இருந்துட்டோம் அக்கா, சாமியை வேண்டாம்னுட்டு ஒரு ராத்திரி தூங்க முடியுமா?”

மாடுகள் போன இடம்

தைப்பூசம் கழிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், பேச்சியக்காவின் கொட்டகையை மூடிவிட்டுப் போனார். மூன்று மாடுகளையும் யாரிடமாவது விற்றாக வேண்டும். வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தார்: மெம்பரின் மச்சான். பெரிய ரோட்டின் அந்தப் பக்கம் புதிதாகப் பால்பண்ணை வைத்திருந்தார். ஆனால் மாடுகள் வேறு யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை, உதைத்துத் தள்ளிவிட்டன. வேறு வழியில்லாமல் பேச்சியக்காவையே கறக்கக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். சிமெண்டுத் தரை, வரிசையாகத் தொட்டி, சுவரில் குழாய். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. பேச்சியக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். “இங்கே நல்லா வருது தம்பி. வெயில் ஏறினதும் வர ஆரம்பிச்சா, நீ வீட்டுக்குப் போற வரைக்கும் நிக்காது” என்றார். நான் வீட்டுக்குப் போவது பால்காரச் சந்து வால்வை மூடிவிட்டுத்தான்.

மறுநாள் காலையில் பால்காரச் சந்து வால்வைத் திறக்காமல், நேரே அந்தப் பண்ணைக்கு நடந்தேன். குழாய் காய்ந்து கிடந்தது. அந்த உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு எனக்கு முழுசாகப் புரிந்த முதல் விஷயம் அதுதான். புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. “அக்கா, இது உங்க சந்துத் தண்ணி! உங்க குழாய்க்குப் போட வேண்டிய பைப்பை அந்த மெம்பர் இங்கே கொண்டாந்து விட்டிருக்கான். நான் இனி அந்த வால்வைத் தொட மாட்டேன், வேலை போனாலும் சரி, பார்த்துடறேன்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேச்சியக்கா குழாயைப் பார்த்தார். என் கைச் சாவியைப் பார்த்தார். ஆத்திரப்படுவார், அழுவார், மெம்பரைச் சபிப்பார் என்று நினைத்தேன். மூன்று மாடுகளும் வெறுந்தொட்டியை நக்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தன. அவர் போய் ஒன்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்லே ஓடிப்போய்த் திறந்து விடு தம்பி, நம்ம மாடு தாகத்தோட நிக்குது.”

அன்று முதல் நான் அந்த வேலையில் இருந்த கடைசி நாள் வரை, பால்காரச் சந்துக்கு ஒருநாள்கூடத் தவறாமல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது என்று யார் கேட்டாலும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன்.